கதவுக்கு முன்னால் ஒரு செருமல்

மேஜை மேல் ஒரு அட்டை முட்டையை இறக்கி வைத்துவிட்டு அம்மா பொய் சொல்ல ஆரம்பித்தாள்.

இடம், சேலத்தில் ஒரு மனநல டாக்டரின் அறை. நேரம், வெயில் ஏறிக்கொண்டிருந்த முற்பகல். கொரோனா அடங்கி, மாஸ்க்குகள் மூக்கிலிருந்து தாடைக்கு இறங்கியிருந்த காலம் என்பது வரைக்கும் நினைவிருக்கிறது. தேதி கேட்காதீர்கள். எனக்கும் தேதிகளுக்கும் என்றைக்கும் ஒத்துப்போனதில்லை.

டாக்டர் என்னைவிட வயதில் நிறையச் சின்னப் பெண். முட்டை அட்டையைப் பார்த்துத் திகைத்தார்.

"இது எதுக்கும்மா?"

"நம்ம பண்ணை முட்டைங்க. ஊட்டுல கொழந்தைங்க இருக்குமில்லீங்க?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைம்மா."

"அப்ப ரெண்டு ரெண்டாச் சாப்புடுங்க."

டாக்டர் சிரித்துவிட்டு, அட்டையைச் சற்றே ஓரமாக நகர்த்தி, நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சொல்லுங்கம்மா. செல்வி சின்ன வயசுல எப்படி இருந்தாங்க? பத்து வயசு வரைக்கும்."

"தங்கமுங்க," என்றாள் அம்மா.

"சேட்டை, முரண்டு, அந்த மாதிரி ஏதாவது?"

"இருக்கற எடந் தெரியாதுங்க. வெச்சா வெச்ச எடத்துல இருக்கும்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மாவின் இடது புருவத்துக்கு மேல் பிறை மாதிரி ஒரு தழும்பு உண்டு. வெச்ச இடத்தில் இருந்த பிள்ளை விட்டெறிந்த பித்தளை டம்ளர் போட்ட பிறை அது.

விசாரிக்க வந்தவர்கள்

அம்மா பொய் சொல்வாள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்று காலை எருமப்பட்டியிலிருந்து பஸ் ஏறி அவள் நாமக்கல்லில் வந்து இறங்கியபோதே சேலை சொல்லிவிட்டது. அரக்கு நிறத்தில் கட்டம் போட்ட கைத்தறிப் பட்டு. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அவள் கட்டியிருந்தது. பிறகு சொந்தத்தில் யார் வீட்டுச் சம்பந்தம் பேசப் போனாலும் அதுதான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். கல்யாணப் பேச்சு எழுந்தால், மாப்பிள்ளை வீட்டார் ஊருக்குள் ஆள் விட்டு விசாரிப்பார்கள். டீக்கடையில் கேட்பார்கள். ரேஷன் கடை வரிசையில் கேட்பார்கள். பஸ் ஸ்டாப்பில் சும்மா நிற்பவர்போல் நின்று, "அந்தப் பண்ணைக்காரர் ஊட்டுப் புள்ள எப்படிங்க?" என்று கொக்கி போடுவார்கள். ஊர் மொத்தமும் ஒரே குரலில் "தங்கமான புள்ளைங்க" என்று சொல்ல வேண்டும். நேற்று வரை அந்தப் பிள்ளையோடு வேலித் தகராறு இருந்தாலும் சரிதான். இன்னொரு வீட்டுப் பெண்ணைப் பற்றி அயலானிடம் குறை சொன்னவனுக்கு அதன்பின் எங்கள் ஊரில் நல்லது கெட்டதுக்கு அழைப்பு இராது.

என் விஷயத்தில் அம்மா ஊரை நம்பாமல், முன்கூட்டியே தெரு முழுக்கப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தவள். டாக்டர் "சின்ன வயசுல எப்படி?" என்று கேட்டதும் அவள் காதில் விழுந்தது அந்தப் பழைய டீக்கடைக் கேள்வி.

அந்தக் கேள்வியில்தான் என் வைத்தியமே தொங்கிக்கொண்டிருந்தது.

போன தடவை டாக்டர் என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். "உங்களுக்கு இருக்கறது வெறும் மனச்சோர்வு மட்டும்தானான்னு எனக்குச் சந்தேகம். இத்தனை மருந்து மாத்தியும் கேக்கலை. சின்ன வயசுலேருந்து வேற ஒண்ணு கூடவே வந்திருக்கலாம். அப்படின்னா நான் பண்ண வேண்டிய வைத்தியமே வேற. ஆனா நீங்க சொல்றதை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது. உங்களைச் சின்ன வயசுல கூட இருந்து பாத்தவங்க ஒருத்தர் வந்து சொல்லணும்."

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். கூடப் பிறந்தவர் யாரும் இல்லை. மிச்சம் இருந்த ஒரே சாட்சி அம்மா. அந்தச் சாட்சி பட்டுச்சேலை கட்டி, முட்டை கொடுத்து, என்னைத் தங்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

பல் பதிந்த கை

தங்கத்தின் கதையை நானே சொல்லிவிடுகிறேன்.

நடந்ததாக எனக்கு நினைவில்லை. ஓடியதுதான் நினைவு. வகுப்பில் பாடம் நடக்கும்போது துறையூர் ரோட்டில் ஒரு லாரி ஏர் ஹாரன் அடித்தால் நான் ஜன்னலில் இருப்பேன். அடுத்த ஹாரனுக்கு ரோட்டில் இருப்பேன். எழுதிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் கிடக்கும். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறுவேன். ஏறிய பிறகுதான் இறங்க வேண்டும் என்பதே நினைவு வரும். சந்தைக்குக் கூட்டிப்போனால் தொலைந்துபோவேன். தேடிக் கண்டுபிடித்தால், என்னைக் காணோம் என்று இத்தனை பேர் தேடியதே எனக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

அதெல்லாம் சேட்டை கணக்கில் போகும். போகாதது ஒன்று உண்டு. யாராவது பின்னாலிருந்து தொட்டால் கடித்துவிடுவேன்.

யோசித்துச் செய்வதில்லை. தோளில் ஒரு கை விழும். உலகம் ஒரு நொடி வெள்ளையாகும். அப்புறம் பார்த்தால் வாயில் உப்புக் கரிக்கும், எதிரில் யாராவது அலறிக்கொண்டிருப்பார்கள்.

கணக்கு டீச்சர் ஒருநாள் பின்னால் வந்து என் சடையைப் பிடித்துத் தூக்கினார். அவர் கையில் என் பல்வரிசை அச்சுப்போல் பதிந்தது. ஹெட்மாஸ்டர் அம்மாவைக் கூப்பிட்டு விட்டார். அம்மா வந்தாள், ஒரு அட்டை முட்டையோடு.

"என்ற புள்ள தங்கமுங்க சார். யாரோ சீண்டிப்போட்டாங்க."

"அம்மா, டீச்சர் கையைப் பாருங்க!"

"ஐயோ சாமி! எந்த நாயி கடிச்சுதுங்க டீச்சர்?"

கணக்கு டீச்சருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. முட்டையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஊரில் எனக்குப் பல பேர்கள். "மிரளி" என்றது ஒரு தெரு. "பண்ணைக்காரன் பெத்த பேய்" என்றது இன்னொரு தெரு. அத்தைமார்கள் என்னைக் கொல்லிமலை அடிவாரத்தில் ஒருவரிடம் கூட்டிப்போய்த் தாயத்துக் கட்டினார்கள். வரும் வழியில் பஸ்ஸிலேயே அதைக் கடித்துத் துப்பினேன். பேய் தன் தாயத்தைத் தானே கடிப்பதை அந்த பஸ்ஸில் இருந்தவர்கள் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்கள்.

நீலச் சேலை

எங்கள் கோழிப்பண்ணையைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே கொஞ்சம் எழுதியிருக்கிறேன். அப்போது சொல்லாமல் விட்டது ஒன்று.

அந்த நாட்களில் எங்கள் ஷெட்டில் கூண்டு கிடையாது. தரையில் கடலைத்தொட்டியை, அதாவது நிலக்கடலைத் தோலைப் பரப்பி, அதன் மேல் கோழிகள் கும்பலாகத் திரியும். வெள்ளை வெள்ளையாக, ஒரு கூரைக்குக் கீழே இறங்கிய மேகம்போல. அந்த மேகத்துக்கு ஒரு பயம் உண்டு. திடீர் பயம். யாராவது தடாலென்று கதவைத் திறந்தால், புதிதாக ஒரு சிவப்புச் சேலை உள்ளே நுழைந்தால், ஒரு வாளி உருண்டால் போதும், அத்தனையும் ஒரே மூலைக்கு ஓடும். ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அடியில் இருப்பவை மூச்சு முட்டிச் செத்துப்போகும். தீவனத்தில் குறையில்லை, நோவும் இல்லை. வெறும் மிரட்சியில் சாவு.

அதனால் பண்ணைக்குள் போகிறவர்களுக்கு ஒரு முறை இருந்தது. எப்போதும் ஒரே நிறத் துணி. அம்மாவுக்கு ஒரு வெளுத்த நீலச் சேலை. கதவுக்கு முன்னால் நின்று முதலில் ஒரு செருமல். அப்புறம் வளையல் கையால் தகரத்தில் ஒரு தட்டு. அப்புறம் குரல்: "வாரேஞ்சாமி... வாரேன்..."

கோழிகளைத்தான் சாமி என்பாள். என்னையும் சாமி என்பாள். அப்பாவின் அப்பாவையும் சாமி என்பாள். யாரைக் கூப்பிடுகிறாள் என்பது குரலின் நீளத்தை வைத்துத்தான் தெரியும்.

குரல் கேட்டதும் உள்ளே அந்தக் கொக்கரிப்பு மெல்லத் தணியும். பிறகு கதவு, ஒரு சாண், அப்புறம் இன்னொரு சாண்.

"அந்தப் பேயை மட்டும் ஷெட்டுப் பக்கம் உட்டுறாத" என்று அப்பா சொல்லியிருந்தார். நியாயம்தான். ஆனால் அம்மா என்னைக் கூட்டிப்போவாள். அந்த ஒரே இடத்தில்தான் நான் மெதுவாக நடந்தேன். ஏன் என்று தெரியாது. கடலைத்தொட்டி காலடியில் நெருநெருக்கும், கூரை இடுக்கில் வெயில் கம்பி கம்பியாக இறங்கும், அந்தக் கம்பிகளில் தூசி நீந்தும். சூடான முட்டையை இரண்டு கையிலும் ஏந்தி நிற்பேன். அந்த நேரம் மட்டும் எனக்குள்ளும் எதுவோ தன் சிறகை மடித்துக்கொள்ளும்.

மூலைக்கு ஓடுவது

வளர்ந்தால் சரியாகிவிடும் என்றார்கள். வளர்ந்தேன். கடிப்பது நின்றது. ஓடுவது உள்ளே போனது.

வெளியே பார்த்தால் நான் ஒரு சாதாரணப் பெண். கல்யாணம் ஆனது. நாமக்கல்லில் வீடு. ஹாஸ்டல் வைத்து மார்க் வாங்க வைக்கும் பள்ளி ஒன்றில் தமிழ் டீச்சர் வேலை. ஒருநாள் செய்யுள் நடத்திக்கொண்டிருந்தபோதே சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே வந்தேன், திரும்பிப் போகவில்லை. பிறகு ஒரு அச்சகத்தில் பிழை திருத்தினேன். அப்புறம் தையல். அப்புறம் எதுவுமில்லை. அடுப்பில் பால் வைத்துவிட்டு ஒரு வரி எழுதப் போவேன். பால் கருகிய வாசம் வந்து கூப்பிடும்போது அந்த வரியும் முடிந்திராது. என் கவிதைகள் எல்லாம் குட்டையாக, வரி உடையாமல் உரைநடையாக இருப்பதைப் பற்றி நல்ல மனிதர்கள் சிலர் கட்டுரைகூட எழுதினார்கள். காரணம் அழகியல் இல்லை ஐயா. அதற்கு மேல் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியாது.

நாற்பதைத் தாண்டியதும் விடியற்காலைகள் கெட்டுப்போயின. யாரோ எனக்குள் தடாலென்று கதவைத் திறப்பார்கள். யார் என்று தெரியாது. இருக்கிற நினைப்பு அத்தனையும் ஒரே மூலைக்கு ஓடும். ஒன்றின் மேல் ஒன்று. அடியில் நான். எழுந்து பல் துலக்குவது என்பது ஒரு மலை. மாதக்கணக்கில் படுக்கையறைக் கதவைச் சாத்திக் கிடந்தேன். சாவைப் பற்றி எழுதுகிறவள், எழுதாமலும் அதைப் பற்றி நினைக்கத் தொடங்கியிருந்தேன். அப்போதுதான் அவர் என்னைச் சேலத்துக்குக் கூட்டிப்போனார்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர் ரவி. லாரி பாடி கட்டும் பட்டறைகளில் பெயிண்ட் வேலை எடுத்துச் செய்கிறவர். நீங்கள் ரோட்டில் பார்க்கும் லாரிகளில் பலவற்றின் நெற்றி மயில் இவர் கை மயில்தான். பேச்சு குறைவு. கோபம் அதைவிடக் குறைவு. அவரிடம் எனக்கு இருந்த ஒரே குறை அந்தச் செருமல்.

கல்யாணமான நாள் முதலாக அவருக்குத் தொண்டையில் ஏதோ. பட்டறையிலிருந்து வந்து கேட்டில் கை வைக்கும்போது ஒன்று. சமையல்கட்டுக்குள் வரும்போது ஒன்று. நான் எழுதிக்கொண்டிருக்கும் அறைக்கு வெளியே ஒன்று. ஸ்ப்ரே பெயிண்ட் நெஞ்சில் இறங்கிவிட்டது என்று நான் பயந்தேன். ஆடாதொடை இலை அவித்துக் கொடுத்தேன், மிளகுப்பால் கொடுத்தேன். ஒரு கட்டத்தில் ஈரோட்டில் பெரிய டாக்டரிடம் இழுத்துப்போய் எக்ஸ்ரே எடுத்தேன். நெஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றார் அவர்.

"அப்புறம் ஏனுங்க இந்தச் செருமல்?" என்று நான் சண்டை பிடித்தேன்.

"பழகிருச்சு செல்வி," என்றார். கஷாயத்தை மட்டும் மறுக்காமல் குடித்தார்.

அந்தச் சத்தம்

திரும்பவும் சேலம். திரும்பவும் அந்த அறை.

டாக்டர் விடாமல் கேட்டார். அம்மா விடாமல் தங்கம் உருக்கினாள்.

"பள்ளிக்கூடத்துல புகார் வருமாம்மா?"

"டீச்சருங்க எல்லாரும் இவளைத் தூக்கி வெச்சுக்குவாங்க."

"பொருளைத் தொலைக்கிறது, மறக்கிறது?"

"ஒரு குண்டூசி தொலைச்சதில்லீங்க."

டாக்டருக்கு ஒரு போன் வந்தது. "ஒரு நிமிஷம்" என்று வெளியே போனார். நான் அம்மா பக்கம் திரும்பினேன்.

"ஏம்மா இப்படிப் பண்றே? நெசத்தைச் சொன்னாத்தானே அவங்களுக்குத் தெரியும்?"

"மெதுவாப் பேசு. கதவு தெறந்திருக்குது."

"நீ தங்கம் தங்கம்னு சொன்னா அதே பழைய மாத்திரையைத்தான் எழுதுவாங்க. நான் மறுபடி அந்த ரூமுக்குள்ள போய்ப் படுத்துக்குவேன். அது பரவாயில்லையா உனக்கு?"

அம்மா முந்தானையை இழுத்துப் புருவம் வரைக்கும் போர்த்திக்கொண்டாள். தழும்பு உள்ளே போயிற்று.

"உன்னைப் பேசாத வாயே இந்தச் சில்லாவுல இல்ல கண்ணு. அத்தனை பேர் வாயையும் நான் ஒருத்தியா அடைச்சுக்கிட்டு நின்னவ. இன்னிக்கு என்ற வாயிலயே அதைச் சொல்லச் சொல்றியா? அது நடக்காது."

டாக்டர் ஓரமாக நகர்த்திய முட்டை அட்டையை அவள் மறுபடி மேஜை நடுவுக்கு இழுத்து வைத்தாள்.

டாக்டர் உள்ளே வந்து உட்கார்ந்தார். பேனாவைக் கையில் எடுத்தார். முகத்தில் ஒரு சோர்வு தெரிந்தது. இந்த அம்மாவிடம் கேட்டுப் பயனில்லை என்று அவர் முடிவு செய்துவிட்டார் என்பது எனக்குப் புரிந்தது. பழைய மருந்துச் சீட்டை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

அந்த நேரம் வராந்தாவில் யாரோ ஒரு இரும்பு ஸ்டூலைத் தடாலென்று கீழே போட்டார்கள்.

நான் திடுக்கிடவில்லை. திடுக்கிட நேரமே இருக்கவில்லை. சத்தம் வந்து சேர்வதற்குள் அம்மாவின் உள்ளங்கை என் பிடரியில் இருந்தது. சொரசொரப்பாக, சூடாக, முழுசாக அழுத்தி. சத்தத்துக்கும் எனக்கும் நடுவில் அந்தக் கை வந்துவிட்டது. அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. டாக்டரைப் பார்த்தபடியேதான் இருந்தாள்.

டாக்டரின் பேனா நின்றது.

"அம்மா, இப்ப எதுக்கு அவங்க கழுத்துல கை வெச்சீங்க?"

அம்மா தன் கையை யாரோ ஒருவரின் கையைப்போலப் பார்த்தாள்.

"பழக்கமுங்க."

"என்ன பழக்கம்?"

"சத்தங் கேட்டா புள்ள மிரண்டுக்குமுங்க. கை மேல இருந்தா மிரளாது."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது அவளுக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்தாள். டீக்கடையில் ஊர் ரகசியத்தை உளறிவிட்டவள்போல.

டாக்டர் சீட்டைத் தள்ளி வைத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, செல்வி என்ன தப்பு பண்ணாங்கன்னு இனி கேக்க மாட்டேன். ஒரு குறையும் நீங்க சொல்ல வேண்டாம். அவங்களை எப்படிப் பாத்துக்கிட்டீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

பார்த்துக்கொண்ட விதம்

அம்மா முட்டை அட்டையை ஒருமுறை பார்த்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அது ஒண்ணும் பெரிய வித்தை இல்லீங்க டாக்டரம்மா. பண்ணையில கோழிகளப் பாத்துக்கற மாதிரிதான். பின்னால போயித் தொடக்கூடாதுங்க. தூரத்துல வாரப்பவே 'வாரேஞ்சாமி'ன்னு கொரல் குடுத்துட்டு வரோணும். ரெண்டு வேலையை ஒட்டுக்காச் சொல்லக்கூடாது. தண்ணி எடுத்து வெச்சுட்டு வெளக்கமாத்த எடுத்துட்டு வான்னா, கொடம் ஒரு பக்கம் கெடக்கும், புள்ள ஒரு பக்கம் கெடக்கும். ஒண்ணு முடிஞ்ச பொறவுதான் அடுத்ததச் சொல்லோணும். சோத்துக்குக் கூப்புடறதுன்னா, 'இன்னுங் கொஞ்ச நேரத்துல கூப்புடுவேன்'னு முன்னாலயே ஒருக்காச் சொல்லிப்போடோணும். வெளையாட்டுலருந்து திடீர்னு புடுங்குனா ஆகாது."

"ம். பள்ளிக்கூடத்துல?"

"வருசா வருசம் பள்ளிக்கூடந் தெறக்கறப்பப் போயி டீச்சருங்களப் பாத்துட்டு வருவனுங்க. கதவோரப் பெஞ்சுல உக்கார வெச்சுருங்கம்மா, அப்பப்ப வெளிய உட்டுருங்க, ஒரு சுத்து சுத்திட்டு அதுவே வந்துரும்னு சொல்லி வெப்பேன். ஒருத்தரு ரெண்டு பேரு கேக்க மாட்டாங்க. கேக்காதவங்க கடி வாங்குவாங்க."

டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். நான் அடக்க வேண்டியிருந்தது வேறொன்றை. ஒவ்வொரு வகுப்பிலும் அந்தக் கதவோரப் பெஞ்ச். அதைத் தண்டனை என்றுதான் இந்த வயது வரைக்கும் நினைத்திருந்தேன். ஒதுக்கி வைத்துவிட்டார்கள் என்று அதைப் பற்றி ஒரு கவிதைகூட எழுதியிருக்கிறேன்.

"இவளுக்கு ஆகற மாதிரி ஒரு வேலையும் இருந்துதுங்க. ஷெட்டுக்குள்ள முட்டை பொறுக்கறது. அங்க உட்டா அப்படி நடப்பா. அந்த நடையப் பாத்துட்டுத்தான் எனக்குத் தைரியமே. உள்ள நெதானம் இருக்குது, அது வெளிய வரதுக்கு ஒரு எடம் வேணும்னு நெனைச்சுக்குவேன். அவங்கப்பன்கிட்டச் சொன்னாத் திட்டுவாரு. சொல்லாமத்தான் கூட்டிட்டுப் போவேன்."

டாக்டர் இன்னும் நிறையக் கேட்டார். அம்மா ஒரு குறையும் சொல்லாமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில் டாக்டர் புதுச் சீட்டு எடுத்து எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"இதுக்குப் பேர் இருக்கு செல்வி. குழந்தைங்களுக்கு மட்டும் வர்றதுன்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. பெரியவங்க ஆன பிறகும் நிறையப் பேருக்குக் கூடவே இருக்கும். வெளிய ஓடினது உள்ள ஓடும். ஓடி ஓடி அலுத்துப் படுத்துட்டீங்க. ரெண்டையும் சேத்துப் பாக்கணும், பாத்துக்கலாம்."

பேரைச் சொன்னார். கவனம் ஒரு இடத்தில் நிற்காமல் ஓடுவதற்கு நீளமாக ஒரு ஆங்கிலப் பேர். மிரளி, பேய் என்று எத்தனையோ பேர் வாங்கியவளுக்கு முதல்முறையாக ஒரு பேர் வலிக்கவில்லை.

எழுந்து வரும்போது டாக்டர் அம்மாவின் நெற்றியைப் பார்த்தார். முந்தானை நழுவியிருந்தது.

"இது என்னம்மா, புருவத்துல?"

"மாட்டுக் கொம்புங்க," என்றாள் அம்மா, கண்ணிமைக்காமல்.

மல்லூர் தாண்டி

பஸ்ஸில் அம்மாவுக்கு ஜன்னலோரம். கொண்டலாம்பட்டி பாலத்தில் என் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் புள்ள வெளிய சொல்லீராதில்ல?"

"டாக்டருங்க சொல்ல மாட்டாங்கம்மா."

"முட்டையை எடுத்து வெச்சுக்கிச்சு. அப்பச் சொல்லாது."

மல்லூர் தாண்டியதும் காற்று சூடாக அடித்தது. அம்மா பட்டுச் சேலையின் கொசுவத்தை மடியில் ஒதுக்கிக்கொண்டு, வெளியே பார்த்தபடி, போகிற போக்கில் சொன்னாள்.

"மாப்பிள்ளைகிட்டக்கூட எல்லாம் சொல்லித்தான் குடுத்தேன். மறைச்சுக் குடுக்கலை."

"என்ன சொன்னே?"

"பெருசா என்ன. கல்யாணத்தன்னிக்கு மண்டபத்துல தனியாக் கூப்புட்டு, 'ஊட்டுக்குள்ள போறதுக்கு முன்னால ஒரு செருமல் செருமிப்போட்டுப் போங்க மாப்பிள்ளை, திடுதிப்புனு போகாதீங்க'ன்னேன். 'நாஞ் சொன்னதா அவளுக்குத் தெரிய வேண்டாம்'னும் சொன்னேன். 'சரிங்கத்தை'ன்னாரு. அவ்வளவுதான்."

பஸ் போய்க்கொண்டிருந்தது. கண்டக்டர் யாரையோ படியில் நிற்காதே என்று திட்டினார். முன் சீட்டில் ஒரு குழந்தை பாப்கார்ன் பாக்கெட்டைப் பிரிக்க முடியாமல் பல்லால் கடித்துக்கொண்டிருந்தது.

ஆடாதொடைக் கஷாயம் எவ்வளவு கசக்கும் தெரியுமா உங்களுக்கு? நாக்கு மரத்துப்போகும். அதை அந்த மனிதர் டம்ளர் டம்ளராகக் குடித்திருக்கிறார். எக்ஸ்ரே மெஷின் முன்னால் சட்டையைக் கழற்றி மூச்சைப் பிடித்து நின்றிருக்கிறார். "பழகிருச்சு செல்வி" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அத்தைக்குக் கொடுத்த வாக்கு.

"ஏங்கண்ணு அழுவறே?" என்றாள் அம்மா. கேட்டுவிட்டு, கை பிடரிக்கு வந்தது.

"காத்தும்மா. கண்ணுல தூசி."

"ஜன்னலோரத்துல நானில்ல உக்காந்திருக்கறேன்?" என்றாள் அவள்.

சாயங்காலம்

அம்மாவை எருமப்பட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். புது மருந்து மந்திரம் இல்லை. அது வேலை செய்ய நாளாயிற்று, நடுவில் ஒருமுறை அளவை மாற்ற வேண்டியும் வந்தது. இன்றைக்கும் சில விடியற்காலைகளில் அந்தக் கதவு தடாலென்று திறந்துகொள்கிறது. இப்போது எனக்குப் படுத்தபடியே என் பிடரியில் என் கையை வைத்துக்கொள்ளத் தெரியும். மூலைக்கு ஓடியவை ஒவ்வொன்றாகத் திரும்பி வரும் வரை அப்படியே கிடப்பேன். இதையெல்லாம் சொல்வது, என்னைப்போல் கதவைச் சாத்திக் கிடக்கும் யாராவது இந்தப் பக்கத்தைப் படிக்கக்கூடும் என்பதால்தான்.

அந்தச் சாயங்காலம் நான் அறைக்குள் போகவில்லை. முன் அறையில், விளக்குப் போடாமல், உட்கார்ந்திருந்தேன். நாமக்கல் மலைக்கோட்டை மேல் வெயில் வெல்லப்பாகு நிறத்துக்கு வந்து மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. தெருவில் பால்காரர் போனார். அதற்குப் பின்னால் என் வீட்டுக்காரரின் வண்டிச் சத்தம். ஸ்டாண்ட் போடுகிற சத்தம். செருப்பு.

கேட்டுக்கு வெளியே ஒரு செருமல்.

வருடக்கணக்காக நான் சண்டை பிடித்த அதே செருமல். அதே அளவு, அதே இடம். ரொம்ப உரக்கவும் இல்லை, ரொம்ப மெதுவாகவும் இல்லை. இந்தச் சத்தத்துக்கு எனக்குள் எதுவும் என்றைக்கும் மூலைக்கு ஓடியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

உள்ளே இருந்து நானும் ஒருமுறை செருமினேன்.

கேட்டில் வைத்த கை அப்படியே நின்றிருக்க வேண்டும்.

"என்ன செல்வி, தொண்டை கட்டிருச்சா?"

இன்னொரு முறை செருமினேன். இந்த முறை வளையலால் நாற்காலிக் கையில் ஒரு தட்டும் தட்டினேன்.

அவர் சிரிப்பது கேட்டது. சத்தம் போட்டுச் சிரிக்கிற ஆள் இல்லை அவர்.

"அத்தை சொல்லிட்டாங்களா?"

"வாங்க," என்றேன்.

கேட் திறந்தது. ஒரு சாண், அப்புறம் இன்னொரு சாண்.